மேலாண்மையில் பிஎச்.டி.: முதலில் கேள்வி, அப்புறம் கைடு, அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகம்

எம்.பி.ஏ. முடித்து சில வருடம் வேலை பார்த்தவர்களும் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களும் பிஎச்.டி. என்றதும் கேட்பது, "எந்த யுனிவர்சிட்டி நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வியை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். எதை ஆராயப் போகிறோம், யாரிடம் (அதாவது எந்த கைடிடம், ஆய்வு நெறியாளரிடம்) ஆராயப் போகிறோம் என்ற இரண்டும் தெளிவானால் பல்கலைக்கழகம் தானாக முடிவாகிவிடும். வரிசை மாறிப்போனவர்கள்தான் மூன்றாம் வருடத்தில் தலைப்பை மாற்றிக்கொண்டு நிற்கிறார்கள்.

படி 1: தகுதியைச் சரிபாருங்கள்

இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பது யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022ஆம் ஆண்டு விதிமுறை. முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. நான்கு வருட இளங்கலைப் படிப்பில் 75 சதவீதம் எடுத்தவர்களும் நேரடியாகச் சேரலாம்.

காலம் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருடம் கிடைக்கும், பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருடம். மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. வேலையில் இருப்பவர்கள் பார்ட் டைமில் சேரலாம், ஆனால் நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்.

தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. கொடுக்க அனுமதியே கிடையாது. "வீட்டிலிருந்தபடியே ஒரே வருடத்தில் முனைவர் பட்டம்" என்று யார் சொன்னாலும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

படி 2: தலைப்பை விடுங்கள், கேள்வியைப் பிடியுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

"திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களில் தொழிலாளர் மனநிறைவு: ஓர் ஆய்வு." இப்படிப்பட்ட தலைப்புகளை ஆய்வேடுகளில் நிறையப் பார்க்கலாம். ஊர்ப் பெயரை மாற்றினால் இன்னொரு ஆய்வேடு. அரைத்த மாவையே அரைக்கிற இந்த வேலைக்கு உங்கள் வாழ்க்கையில் நான்கைந்து வருடத்தைக் கொடுக்கலாமா?

அதே திருப்பூரில் ஒரு கம்பெனி ஹெச்.ஆர். ஆளிடம் போய், "உங்களுக்கு இருக்கிற பெரிய தலைவலி எது?" என்று கேளுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் எடுக்கிறோம், தங்க இடம் கொடுக்கிறோம், தையல் பழக்குகிறோம், கை பழகியதும் கிளம்பிவிடுகிறார்கள் என்பார். சரி, எல்லோருமா கிளம்புகிறார்கள்? சில லைன்களில் (தையல் வரிசைகளில்) மட்டும் ஆட்கள் நிற்கிறார்களே, ஏன்? அந்த லைன் சூப்பர்வைசர் அவர்கள் மொழி பேசுகிறவர் என்பதாலா? பீஸ் ரேட்டா (தைத்த துண்டுக்கு இவ்வளவு என்ற கூலி), ஷிப்ட் சம்பளமா என்பதாலா? ஏற்கெனவே ஊர்க்காரர் ஒருவர் அங்கே இருப்பதாலா?

இப்போது கேள்வி கூர்மையாகிவிட்டது: "தொழிலாளியின் மொழி தெரிந்த சூப்பர்வைசர் இருக்கும் லைனில், வெளிமாநிலத் தொழிலாளர்கள் முதல் மூன்று மாதத்தைத் தாண்டி நிற்பது கூடுகிறதா?" இதற்கான பதில் வருகைப் பதிவேட்டிலும் பி.எஃப். கணக்கிலும் கிடக்கிறது. "மனநிறைவாக இருக்கிறீர்களா, ஒன்று முதல் ஐந்துக்குள் டிக் அடியுங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்கும் பதிலைவிட அது பல மடங்கு நம்பகமானது. அத்தோடு, அந்த முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பயன்படுகிற ஒன்றை நீங்கள் கண்டுபிடிக்கவும் வாய்ப்பிருக்கிறது.

உங்கள் துறை நிதியோ மார்க்கெட்டிங்கோ, எதுவானாலும் வழி இதுதான். வேலை நடக்கிற இடத்துக்குப் போங்கள், ஏன் என்று புரியாத ஒன்றைத் தேடுங்கள், அதைப் பற்றி ஏற்கெனவே யார் எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சோத்கங்கா தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். கேள்வியைச் சுற்றி மூன்று நான்கு பக்கம் எழுதி வைத்துக்கொண்டால், பிறகு விண்ணப்பத்துக்கும் நேர்காணலுக்கும் அதுவே கைகொடுக்கும்.

படி 3: கைடைத் தேடுங்கள்

ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ள முடியும். ஓய்வுபெற 3 வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்க முடியாது. ஆகவே பேர்போனவரிடம் இடம் இல்லாமல் போகலாம், இளம் உதவிப் பேராசிரியரிடம் இருக்கலாம். இரண்டாமவரைத் தயங்காமல் பாருங்கள்.

அவருடைய சமீபத்திய கட்டுரைகளில் இரண்டையாவது முழுதாகப் படித்துவிட்டு மெயில் அனுப்புங்கள். "மதிப்பிற்குரிய ஐயா, தங்களின் கீழ் ஆய்வு செய்ய விரும்புகிறேன்" என்று பத்துப் பேருக்கு ஒரே மெயில் போனால் பதில் வராது. உங்கள் கேள்வி அவருடைய வேலையோடு எங்கே தொடுகிறது என்று இரண்டு வரி எழுதினால் திறந்து படிப்பார்.

அவரிடம் இப்போது படிக்கும் ஸ்காலர்களிடம் கட்டாயம் பேசுங்கள். "ஒரு அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்?" என்ற ஒரே கேள்வியில் பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

படி 4: நுழைவு

நெட் என்பது யு.ஜி.சி.யின் தேசிய தகுதித் தேர்வு. ஜே.ஆர்.எஃப். (ஆய்வு மாணவருக்கான உதவித்தொகை), உதவிப் பேராசிரியர் தகுதி என்ற இரண்டு பிரிவுகளோடு, 2024 ஜூன் முதல் 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' என்ற மூன்றாவது பிரிவும் இருக்கிறது. மேலாண்மைப் பாடத்தின் குறியீடு 17. ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் மற்ற இரண்டு பிரிவுகளில் தேறியவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் எடை. அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஒரு வருடம் செல்லும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். என்ற அடுத்த நிலைக்கு உயர்ந்ததும் 42,000 ரூபாய். முழுநேரம் படிக்க நினைப்பவர்கள் இதற்காக ஆறு மாதம் உழைக்கலாம்.

ஐ.ஐ.எம்.கள் பொதுவாக கேட் (CAT, எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு) போன்ற மதிப்பெண்ணையும் ஏற்றுக்கொள்கின்றன. நேர்காணலில் எல்லா இடத்திலும் உங்கள் கேள்வியைத்தான் துருவுவார்கள்.

படி 5: சேர்ந்த பிறகு

கோர்ஸ் ஒர்க் (ஆய்வுக்கு முன் படிக்க வேண்டிய பாடங்கள்) குறைந்தது 12 கிரெடிட், அதில் 55 சதவீதம் எடுக்க வேண்டும். புள்ளியியலை இங்கேயே பயமில்லாமல் கற்றுக்கொள்ளுங்கள். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளை வாங்க வசதி இல்லையென்றால் ஆர், ஜமோவி இரண்டும் இலவசம். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வுக் குழு முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பல இடங்களில் அதை டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங் என்பார்கள்.

தகவல் சேகரிக்கும்போது கேள்வித்தாளை முதலில் ஒரு சிறு குழுவிடம் கொடுத்துப் பாருங்கள். திருப்பூர் உதாரணத்தில் அது இந்தியிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும். ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுவர, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு நண்பர்களை நிரப்பச் சொன்னால் ஆய்வு அங்கேயே செத்துவிடும்.

படி 6: எழுதுவதும் வெளியிடுவதும்

ஆய்வேடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறை எடுத்துவிட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் கேட்கின்றன, சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறோம் என்னும் இதழ்களைத் தொடாதீர்கள். தரமான இதழ்களுக்கு யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டதால், இதழின் தரத்தை நீங்களும் கைடும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஆய்வேட்டைப் பணத்துக்கு எழுதிக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. அங்கே வாங்கிய பட்டத்தோடு வகுப்பில் நின்று மாணவர்களுக்கு நேர்மையைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது. வைவாவில் (ஆய்வேட்டைப் பற்றிய வாய்மொழித் தேர்வில்) ஒரு கேள்விக்கே குட்டு வெளியே வந்துவிடும். யு.ஜி.சி. விதிப்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. சொந்தமாக எழுதி, எடுத்ததற்கு மேற்கோள் கொடுத்தவருக்கு அந்த எண்ணைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம்.

படி 7: தேர்வாளர்கள், வைவா

ஆய்வேடு கைடைத் தவிரக் குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்களிடம் போகும். அவர்கள் பரிந்துரைத்தால் எல்லோரும் வந்து கேட்கக்கூடிய வாய்மொழித் தேர்வு. சமர்ப்பித்ததிலிருந்து வைவா முடிவு வரை ஆறு மாதத்துக்குள் நடக்க வேண்டும் என்பது விதி. தாமதமானால் விதியைச் சுட்டிக்காட்டி எழுத்தில் கேளுங்கள். தேர்வாளர் அறிக்கை கைக்கு வந்ததும் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை, ஆய்வேட்டின் பக்க எண்ணோடு, தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் அறிவிக்கும் முன் மின்பிரதியைப் பல்கலைக்கழகமே இன்ஃப்ளிப்நெட்டுக்கு (சோத்கங்காவை நடத்தும் யு.ஜி.சி. மையம்) அனுப்பும். அதற்குள் பிழைகளைத் திருத்திய பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.