இ கம்பியின் அடிநாதம் எங்கே போச்சு?

ஒலியைக் கரகரப்பாக்கும் பழைய ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். கிடாருக்கென்று செய்தது. பேஸ் கிடாரில் மாட்டி, அதன் தடித்த கம்பியான இ கம்பியைத் தட்டினால் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். அடிநாதம் போன இடம் தெரியவில்லை. பேட்டரி, கேபிள் என்று மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு வாரம் வீணாயிற்று.

அப்புறம்தான் மூடியைக் கழற்றினேன். உள்ளே டியூப் ஸ்க்ரீமர் என்ற பிரபல ஓவர்டிரைவ் பெடலின் வகை சர்க்யூட். அதில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடராக 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று இருக்கும். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, குறைப்பது இந்த ஜோடிதான். பேஸின் இ கம்பியோ 41 ஹெர்ட்ஸ்! சென்னை ரிச்சி தெருவில் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் வாங்கி மாற்றினேன். அந்த எல்லை 34 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. ஆனால் புதியது குண்டு, நிமிர்த்தி வைத்தால் மூடி மூடவில்லை. காலை மடக்கிப் படுக்கவைத்து, அடியில் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன்.

இப்போது அடிநாதம் வயிற்றில் வந்து இடிக்கிறது. கெயினை முழுக்க ஏற்றினால் மட்டும் கொழகொழவென்று ஆகிவிடுகிறது, பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன். சரிசெய்து விற்பதாகத்தான் திட்டம். இன்னும் விற்கவில்லை.