கோத்தகிரி மூடுபனியில் ஜாம்பி காமெடிக் குறும்படம் எடுப்பது எப்படி

கையில் காசில்லாமல் எடுத்த ஜாம்பி காமெடியை ஜனங்கள் ஏன் தேடிப் பார்க்கிறார்கள்? உயிர் போகிற நேரத்திலும் மனுஷன் அற்பக் காரணத்துக்குச் சண்டை போடுவான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஜாம்பி தள்ளாடித் தள்ளாடி வருவதால் அந்தச் சண்டைக்கு நேரம் கிடைக்கிறது. கதவுக்கு வெளியே எட்டுப் பேர் உறுமிக்கொண்டு நிற்க, உள்ளே இரண்டு பேர் போன வாரத்து டீக்கும் வர்க்கிக்கும் யார் காசு கொடுத்தது என்று வாதாடினால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். காதோரம் பிதுங்கி நிற்கும் பசையையும் மன்னித்துவிடுவார்கள். ஆனால் உள்ளே இருப்பவர்களின் பயம் நிஜமாக இருக்க வேண்டும். நடிகரே வாய்க்குள் சிரித்தால் காட்சி அங்கேயே செத்துவிடும். ஜாம்பியாக நடிப்பவருக்கும் இதையேதான் சொல்ல வேண்டும்: உனக்குப் பசி மட்டும்தான் தெரியும், காமெடி தெரியாது.

இங்கே சொல்லும் அளவுகள் பத்து நிமிடப் படம், இரண்டு நாள் படப்பிடிப்பு, எட்டு ஜாம்பி என்ற கணக்கில் உள்ளவை.

முதலில் ஒரு விதி

உங்கள் ஜாம்பிக்கு ஒரே ஒரு விதி போதும். அதை முதல் இரண்டு நிமிடத்தில் காட்டிவிடுங்கள், கடைசிவரை மீறாதீர்கள். அந்த விதி நீங்கள் படமெடுக்கும் ஊரிலிருந்தே வந்தால் சிரிப்பும் தானாக வரும். ஓர் உதாரணம்: ஜாம்பிகள் சத்தத்தைத் தேடி வரும். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனியில் ஹாரன் அடிக்காமல் எந்த டிரைவரும் திரும்ப மாட்டார். இனி வசனம் தானே வரும்:

"அண்ணே, ஹாரன் அடிக்காதீங்கண்ணே!"

"அடிக்காம எப்படிப்பா திருப்புறது? எதிர்ல லாரி வந்தா?"

"லாரி வந்தா ஒரேயடியா போயிரலாம்ணே. இவனுங்க கடிச்சுக் கடிச்சுல்ல திம்பானுங்க!"

மலைச்சாலையில் வண்டியை ஓட்டிப் படம் பிடிக்க வேண்டியதே இல்லை. ஜீப்பைத் தனியார் இடத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கல் வையுங்கள். ஒருவர் பின் பம்பரை மெல்ல அழுத்தி ஆட்டட்டும். இன்னொருவர் டார்ச்சை இடமிருந்து வலமாக வீசினால் அது ஒரு வளைவு. கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளைதான் தெரியும் என்பதால் வண்டி நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. சமவெளியில் இதே காட்சிக்குப் புகை இயந்திரம் வேண்டும்.

ரத்தம்

பேக்கரிப் பொருள் கடைகளில் லிக்விட் குளுக்கோஸ் கிடைக்கும். 250 மில்லிக்கு 50 மில்லி வெந்நீர், சிவப்பு ஃபுட் கலர் 2 டீஸ்பூன், கோகோ பவுடர் 1 டீஸ்பூன், நீல ஃபுட் கலர் ஒரே சொட்டு. கோகோவை முதலில் வெந்நீரில் குழைத்துக்கொள்ளுங்கள். நேரடியாகப் போட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். கோகோவும் நீலமும் இல்லாவிட்டால் ரோஸ் மில்க் எசன்ஸ் மாதிரிதான் தெரியும். முகம், வாய், கைகளுக்கு ஒரு லிட்டர் போதும். மலைக்குளிரில் இது தேன்போல இறுகி வழியாமல் நிற்கும். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்திருங்கள்.

துணிக்கும் தரைக்கும் மைதா ரத்தமே சிக்கனம். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் 3 டேபிள்ஸ்பூன் மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, 20 நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, ஆறியபின் கலர் சேருங்கள். மறுநாள் புளித்த வாடை வரும், அன்றன்றைக்குச் செய்துகொள்வதே நல்லது.

பீட்ரூட் சாறு ஊட்டியில் மலிவு என்று அதை நாட வேண்டாம். கேமராவில் ஊதா கலந்த ரோஸாகத் தெரியும், காய்ச்சினால் பழுப்பாகும். ஆரத்தித் தண்ணீரும் உதவாது. மஞ்சள் சிவப்பாவது சுண்ணாம்பின் காரத்தால்தான். வியர்வையின் புளிப்புப் பட்டால் மீண்டும் மஞ்சளாகிவிடும், சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் எரிக்கும். கறுப்பு வெள்ளையில் எடுப்பதானால் சாக்லேட் சிரப் ஒன்றே போதும். 1968இல் ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் ரத்தமாக ஓடியது அதுதான்.

காயமும் தோலும்

மணமில்லாத ஜெலட்டின், மருந்துக்கடை கிளிசரின், தண்ணீர் மூன்றும் சம அளவு. ஒரு முகத்துக்கு 2 டேபிள்ஸ்பூன் வீதம். பத்து நிமிடம் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். கொதிக்கவிடாதீர்கள். உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பொறுக்கிறதா என்று பார்த்தபிறகே அடுத்தவர் முகத்தில் ஐஸ் குச்சியால் தடவுங்கள். புருவத்தில் முன்கூட்டியே வாஸ்லின் பூசாவிட்டால் முடியோடு பிய்ந்து வரும். இரண்டு நிமிடம் ஊறிய கெட்டி அவலை அதில் பதித்தால் உரிந்த தோல் தயார். ஜெலட்டின் மாட்டு எலும்பு, தோல் போன்றவற்றிலிருந்து வருவது; நடிகரிடம் சொல்லிவிட்டுப் பூசுவதே மரியாதை.

சென்னை வெயிலில் இது ஒரு மணி நேரத்தில் வழியத் தொடங்கும். 15 டிகிரிக் குளிரில் நாள் முழுக்க நிற்கும். ஒரே ஆபத்து, ஷாட்டுக்கு நடுவே நடிகர்கள் அடுப்போரம் போய்க் குளிர்காய்வது. லேட்டக்ஸ் என்ற திரவ ரப்பரைப் பயன்படுத்துவதானால் முந்தைய நாளே முழங்கை மடிப்பில் பூசி ஒவ்வாமை இருக்கிறதா என்று பாருங்கள். அதன் அமோனியா நெடி கண்ணுக்கு ஆகாது. பனிமூட்டத்தில் அது காயவும் மாட்டேன் என்கிறது.

எட்டுப் பேருக்கும் ஒரே உழைப்பைப் போடாதீர்கள். நெருக்கத்தில் வரும் இருவருக்கு ஒரு மணி நேரம், நடுத்தூரத்தில் நிற்கும் மூவருக்கு இருபது நிமிடம், தொலைவில் திரியும் மூவருக்குச் சாம்பல் பூச்சும் கண்ணைச் சுற்றிக் கருப்பும் ஐந்தே நிமிடம். இரண்டு பேர் ஒப்பனை செய்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடியும். பல் கறுப்பாக, ஷாட்டுக்கு முன் ஒரு கறுப்பு க்ரீம் பிஸ்கட் மென்றால் போதும்.

எட்டுப் பேரை நாற்பதாக்க

தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கவாத்து செய்து, அதாவது வெட்டிவிட்டு, வைத்திருப்பார்கள். வரிசைக்கு நடுவே ஜாம்பியை நிறுத்தினால் இடுப்புக்குக் கீழே ஒப்பனையும் வேண்டாம், கிழிந்த பேன்ட்டும் வேண்டாம். கேமராவைத் தூரத்தில் வைத்து ஜூம் லென்ஸில் எடுங்கள், இடைவெளி சுருங்கிக் கூட்டம் நெருக்கமாகத் தெரியும். ஃபிரேமைத் தாண்டியவர் கேமராவின் பின்னால் ஓடிப்போய், வேறு சால்வை போர்த்திக்கொண்டு மறுபடி வரட்டும். தோட்டத்தில் குறுக்கே வடிகால் குழிகள் இருக்கும். ஒத்திகைக்கு முன் அவற்றைத் துணி கட்டி அடையாளமிடுங்கள், கணுக்கால் பிசகுவது அங்கேதான். மழை மாதங்களில் ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும்.

சட்டைகளைப் பழசாக்க, நான்கு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் டஸ்ட் டீயைக் கொதிக்கவிட்டு ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பருத்தி நன்றாகச் சாயம் பிடிக்கும், பாலியஸ்டர் பிடிக்காது. ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தால் போதும், கத்தரியால் வெட்டினால் வெட்டியது தெரியும்.

ஜாம்பிக் கூட்டம் முழுவதையும் தோட்டத் தொழிலாளர்களாகவோ பழங்குடியினராகவோ காட்டாதீர்கள். ஊரில் உழைப்பவர்களையே பிசாசாக்கிச் சிரிப்பது கேவலம். டூரிஸ்ட், மேனேஜர், டிரைவர், யூடியூபர் எல்லோரும் கலந்து வரட்டும்.

மூடுபனியும் கேமராவும்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் மூடுபனி நிறைய. அதே மாதங்களில்தான் மண்சரிவும். மூட்டம் பத்து நிமிடத்தில் வந்து போய்விடும். வந்ததும் தூர ஷாட்டுகளை முதலில் முடியுங்கள். முகத்தை நெருங்கி எடுப்பதைப் பிறகும் எடுக்கலாம். பனியில் போனின் ஃபோகஸ் அலையும், திரையை நீள அழுத்திப் பூட்டிவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பல்பு வெளிச்சத்தில் வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வினாடி வைத்தால் மினுக்கல் வராது. குளிரில் இருந்த கேமராவை அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் கோக்கும். மூடிய பைக்குள் அரை மணி நேரம் வைத்திருந்து எடுங்கள். உபரி பேட்டரி உங்கள் ஸ்வெட்டருக்குள் இருக்கட்டும்.

இரவில் வெளியே எடுக்கவே வேண்டாம். கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் கரடியும் காட்டெருமையும் நடமாடுகின்றன. மேகமூட்டமான மாலையில் வானம் ஃபிரேமில் வராமல், எக்ஸ்போஷரைக் குறைத்து, ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வைத்தால் நீலம் ஏறி இரவாகத் தெரியும்.

தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், காவல் நிலையத்திலும் சொல்லிவையுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. ஒப்பனையோடு யாரும் சாலைக்குப் போகக் கூடாது. வளைவில் திரும்பும் டிரைவர் மிரண்டால் பள்ளம்தான்.

சத்தம்

எலும்பு முறிய, ஈரத் துணியில் சுற்றிய ஊட்டி கேரட். சதையைக் கடிக்க முட்டைக்கோஸ். குடல் சத்தத்துக்குக் கனிந்த வாழைப்பழத்தைக் கையால் பிசையுங்கள். இவற்றை அலமாரிக்குள் கம்பளி தொங்கவிட்டுப் பதியுங்கள். தகரக் கூரை வீட்டில் தூறல் விழுந்தாலே ரெக்கார்டிங் பாழ். வெளியே எடுக்கும்போது மைக்குக்கு ஒரு கம்பளி சாக்ஸ் போட்டால் காற்றின் இரைச்சல் குறையும்.

கிளம்புமுன்

குளுக்கோஸ் ரத்தம் இனிப்பு. எறும்பு மட்டுமல்ல, கரடியும் மோப்பம் பிடித்து வரும். சிந்திய இடத்தில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அவல், கேரட், பிஸ்கட் மிச்சம் எல்லாவற்றையும் மூடி போட்ட வாளியில் திருப்பி எடுத்துப் போங்கள். முகத்து ஜெலட்டினை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். ஃபுட் கலர் கறைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு. அப்படியும் விரலிடுக்கில் இரண்டு நாள் இருக்கும்.