ஆண்ட்ராய்டு கார்டுக்கு ஸ்பிரிங் துள்ளல் சேர்க்கும் முறை

ஆண்ட்ராய்டு செயலியின் திரையில் விரலால் இழுத்துவிட்ட ஒரு கார்டு (தகவல் காட்டும் செவ்வகப் பெட்டி) லேசாகத் துள்ளித் தன் இடத்தில் வந்து நிற்க வேண்டுமானால், கால அளவை நம்பி ஓடும் அனிமேஷன் போதாது. 300 மில்லிசெகண்டு என்று முன்கூட்டியே எழுதிவைத்தால், பயனர் மெல்ல விட்டாலும் சுண்டிவிட்டாலும் கார்டு ஒரே மாதிரிதான் திரும்பும். ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான லைப்ரரித் தொகுப்பாகிய ஆண்ட்ராய்டுஎக்ஸின் டைனமிக்அனிமேஷன் லைப்ரரியில் உள்ள ஸ்பிரிங்அனிமேஷனுக்குக் கால அளவே கிடையாது. ஒவ்வொரு ஃபிரேமிலும் விசையையும் வேகத்தையும் கணக்கிட்டு, அசைவு அடங்கும்வரை அது ஓடுகிறது.

செயலியைக் கட்டமைக்கும் கிரேடில் கோப்பில் லைப்ரரியைச் சேர்த்தபின், கார்டு தன் இடத்திலிருந்து கிடையாகவும் செங்குத்தாகவும் நகர்ந்த அளவுகளான டிரான்ஸ்லேஷன்எக்ஸ், டிரான்ஸ்லேஷன்ஒய் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஸ்பிரிங் உருவாக்கி, இரண்டுக்கும் இறுதி நிலையை 0 என அமையுங்கள். ஸ்பிரிங்கின் விறைப்பைக் குறிக்கும் ஸ்டிஃப்னெஸுக்கு 50, 200, 1500, 10000 என நான்கு தயார் மதிப்புகள் உள்ளன. துள்ளலைத் தீர்மானிப்பது, ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் குறிக்கும் டேம்பிங் ரேஷியோ: 1 என்றால் துள்ளலே இராது, 0 என்றால் ஆட்டம் ஓயாது. நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஸ்டிஃப்னெஸ் 1500, டேம்பிங் ரேஷியோ 0.5 என எடுத்துக்கொள்ளப்படும். 300 பிக்சல் இழுத்து, அசையாமல் நிறுத்தி விட்ட கார்டு டேம்பிங் ரேஷியோ 0.5 மதிப்பில் ஏறத்தாழ 49 பிக்சல் தாண்டிப் போய்த் திரும்பும், 0.75 மதிப்பில் 8 அல்லது 9 பிக்சல்தான் தாண்டும். படிக்க வேண்டிய எழுத்து உள்ள கார்டுக்கு டேம்பிங் ரேஷியோ 0.75, ஸ்டிஃப்னெஸ் 200 ஆகிய இணையையே நான் பரிந்துரைப்பேன்.

உயிர்ப்பான அசைவுக்கு மிக முக்கியமானது, விரலின் வேகத்தை ஸ்பிரிங்கிடம் ஒப்படைப்பதுதான். விரலின் வேகத்தை அளக்கும் வெலாசிட்டிடிராக்கரில் 1000 என்ற அலகைக் கொடுத்தால் வேகம் ஒரு நொடிக்கு இத்தனை பிக்சல் என்று கிடைக்கும். ஸ்பிரிங்குக்குத் தொடக்க வேகத்தைக் கொடுக்கும் செட்ஸ்டார்ட்வெலாசிட்டி எதிர்பார்ப்பதும் அதே அலகைத்தான். ஆனால் தொடு நிகழ்வின் எக்ஸ், ஒய் மதிப்புகள் கார்டை ஒட்டியே அளக்கப்படுபவை. கார்டும் விரலோடு சேர்ந்து நகர்வதால் வேகம் பூஜ்யத்தை ஒட்டியே வரும். ஆகவே நிகழ்வின் நகலை எடுத்து, ஆஃப்செட்லொகேஷன் மூலம் கார்டு அப்போது நகர்ந்திருக்கும் அளவை அதன் எக்ஸ், ஒய் மதிப்புகளோடு கூட்டிய பிறகே டிராக்கரில் சேர்க்க வேண்டும்.

விரல் மீண்டும் பட்டவுடன் இரு ஸ்பிரிங்குகளையும் கேன்சல் செய்யுங்கள். இல்லையெனில் கார்டு விரலோடு மல்லுக்கட்டும். தொடுதல் இடையில் ரத்தானாலும் கார்டைத் திருப்பி அனுப்ப மறக்கலாகாது. அசைவு ஒவ்வாத பலர் அனிமேஷனை அமைப்புகளில் அணைத்து வைத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு 8 முதல் வேல்யூஅனிமேட்டரின் ஆர்அனிமேட்டர்ஸ்எனேபிள்டைக் கேட்டு அதை அறியலாம், அணைத்திருந்தால் டிரான்ஸ்லேஷன் மதிப்புகளை நேரடியாக 0 ஆக்கிவிடுங்கள்.