தைப்பூச வீடியோவைச் சுருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசம் முடிந்ததும், தண்ணீர்மலையில் எடுத்த வீடியோக்களின் கோப்பளவைச் சுருக்கும் வேலை பினாங்கில் பல வீடுகளில் தொடங்கிவிடும். அதற்கு உதவும் ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம்தான். 'தரம்' என்று ஓர் எண்ணைக் கேட்கும் இடத்தில்தான் வினையே.

எண் கூடினால் தரமும் கூடும் என்று நினைக்காதீர்கள். இவற்றுக்குள் வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264-இன் தர அளவான சிஆர்எஃப்பில் எண் குறையக் குறையத்தான் தரம் உயரும். எம்பி3 ஒலிக்கோப்பு தயாரிக்கும் லேம் மென்பொருளிலும் வி0 உயர்ந்தது, வி9 மட்டம். ஓக் வோர்பிஸ் என்ற இன்னொரு ஒலி வடிவத்திலோ தலைகீழ், 10தான் உச்சம். ஒன்றில் பழகிய எண்ணை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போவதும் தவறு. எக்ஸ்264-க்கு இயல்பாக அமைந்திருப்பது 23, அடுத்த தலைமுறைச் சுருக்கியான எக்ஸ்265-க்கு 28. 28-ஐப் பார்த்துப் பதறி 18 வைக்கிறவர்கள், "கோப்பு ஏன் சுருங்கவில்லை?" என்று அப்புறம் கேட்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டு வழியாகச் சுருக்கினால் அந்த எண்களும் வேறு கணக்கு.

அதிகம் ஏமாற்றுவது சோதனைக் காட்சிதான். மேடையில் ஒருவர் நின்று பேசும் பகுதி எந்த எண்ணிலும் அழகாகத் தெரியும். ரதத்தின் முன் தேங்காய் சிதறும் நொடி, மயிலிறகுக் காவடி சுழலும் நேரம், இருட்டில் கேமரா புள்ளி புள்ளியாகக் காட்டும் கூட்டம்: படம் கட்டம் கட்டமாக உடைவது இங்கேதான். அந்த அரை நிமிடத்தை மட்டும் வெட்டி 20, 23, 26 என்று வைத்துப் பாருங்கள். எவ்வளவு வேகமாகச் சுருக்குவது என்ற வேக அமைப்பை அந்த நேரத்தில் தொடாதீர்கள், இரண்டையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்றே தெரியாது. சிஆர்எஃப் 6 குறைந்தால் கோப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். 1080பி வீடியோவுக்கு 20 முதல் 24 வரை என்கிறது ஹேண்ட்பிரேக் கையேடு. காவடிக்கு நான் 20 பக்கமே நிற்பேன்.

ஒலிக்கு உறுமி மேளம் நல்ல சோதனை. அடி விழுவதற்குச் சற்று முன்பே மெல்லிய சலசலப்பு கேட்டால் பிட்ரேட் (ஒரு நொடி ஒலிக்கு ஒதுக்கும் தரவளவு) போதவில்லை. 128 கேபிபிஎஸ் எம்பி3-ஐ 320 ஆக்குவதில் பயனில்லை. போன ஒலி திரும்பாது, கோப்பு மட்டும் பெருகும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த வீடியோவும் அப்படித்தான். எடுத்தவரிடம், "அண்ணே, டாக்குமெண்டா அனுப்புங்க" என்று கேட்டு மூலத்தை வாங்குங்கள்.

முன்னும் பின்னும் வெட்ட மட்டும் வேண்டுமென்றால் சுருக்கவே வேண்டாம். எஃப்எஃப்எம்பெக்கில் 'காப்பி' முறை தரத்தைத் தொடாமல் வெட்டும். தொடக்கம் சில நொடி முன்பின் விழலாம், சரி, பொறுத்துக்கொள்ளலாம். ஹேண்ட்பிரேக்கில் அந்த வழி இல்லை, படத்தை அது எப்போதும் மறுபடி சுருக்கும்.