ஊதுபத்தி ஏற்றினால் கங்கின் மேல் ஒரு கண் இருக்கட்டும்

ஊதுபத்தியைக் கொளுத்தி, நுனியில் எரியும் தீயை அணைத்ததும் நம் மனசு அதை மறந்துவிடுகிறது. மெல்லப் புகைகிறது, மணம் வருகிறது, அவ்வளவுதானே என்று அடுத்த அறைக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்த நுனியில் இருக்கும் சின்னக் கங்கு பல நூறு டிகிரி சூட்டில் கனன்றுகொண்டிருக்கிறது. அது பஞ்சு மெத்தையிலோ துணிக் குவியலிலோ விழுந்தால் உடனே பற்றி எரியாமல், உள்ளுக்குள்ளேயே மணிக்கணக்கில் புகைந்து, எல்லோரும் தூங்கிய பிறகு தீயாகக் கிளம்பலாம். அதனால் கங்கு எங்கே விழும், எப்போது முழுசாக அணையும் என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பத்தியின் முழு நீளத்துக்கும் அடியில் தட்டு இருக்க வேண்டும். பல ஸ்டாண்டுகள் பத்தியைச் சாய்வாகப் பிடிக்கும், நுனி தட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சாம்பலோடு கங்கும் உடைந்து தரையில் விழும். அப்படி விழுந்து கருகிய வடு ஒன்று எங்கள் மரமேசையில் இன்னும் இருக்கிறது. அதற்கப்புறம் அகலமான மண் கிண்ணத்தில் உலர்ந்த மணலை இரண்டு விரல் ஆழத்துக்கு நிரப்பி, பத்தியை நடுவில் நேராக ஊன்றி வைக்கிறேன். என்ன விழுந்தாலும் மணலில்தான் விழும். கோன் சாம்பிராணி என்றால் மணல் இன்னும் முக்கியம், ஏனென்றால் அது அடிவரை எரிந்து முடியும்போது சூடு நேராகத் தட்டில் இறங்கும், கண்ணாடித் தட்டாக இருந்தால் விரிசல் விடும்.

திரைச்சீலை, காகிதம், தொங்கும் துணி எல்லாம் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும், மேலே அலமாரித் தட்டு இருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். குழந்தையின் கையும் பூனையின் வாலும் எட்டாத உயரம் நல்லது. வீட்டில் யாராவது ஆக்சிஜன் சிகிச்சையில் இருந்தால் பத்தியே ஏற்றக் கூடாது.

நுனியில் தீ பிடித்ததும் பத்து விநாடி போல எரிய விட்டு, கையால் விசிறி அணையுங்கள். வாயால் ஊதினால் பொறி பறக்கும்.

கரித்துண்டில் சாம்பிராணி போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சீக்கிரம் பற்றிக்கொள்ளும் கரிவில்லைகளில் பெரும்பாலும் வெடியுப்பு கலந்திருக்கும், பற்றவைத்ததும் படபடவென்று பொறி தெறிக்கும், அதனால் இடுக்கியால் பிடித்துத்தான் கொளுத்த வேண்டும், கையால் கூடவே கூடாது. கீழே மணல் ஈரமாக இருந்தால் நீராவி கிளம்பி மணல் தெறிக்கலாம், கிண்ணமும் உடையலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், எரியும் கரி கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை வெளிவிடும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஏசி போட்டு மூடிய அறையில் கரி வைக்கவே வேண்டாம். தலை வலித்தாலோ சுற்றினாலோ எல்லோரையும் கூட்டிக்கொண்டு உடனே வெளிக்காற்றுக்குப் போய்விடுங்கள்.

பத்திப் புகையும் புகைதான். நுண்துகள்களோடு பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சு வேதிப்பொருள்களும் அதில் இருக்கின்றன, இயற்கைப் பொருளில் செய்தது என்று அட்டையில் போட்டிருந்தாலும் எரிந்தால் இவை வரத்தான் செய்யும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பத்தி போதும், மணம் அறையில் பரவியதும் பாதியிலேயே அணைத்துவிடலாம். ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, கர்ப்பிணி இருக்கும் அறையில் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். கூண்டுப் பறவைகளைப் புகை சீக்கிரம் பாதிக்கும், அவற்றையும் மறக்க வேண்டாம். புகை எச்சரிக்கைக் கருவி கத்துகிறது என்று அதன் பேட்டரியைக் கழற்றாதீர்கள், பத்தியை இடம் மாற்றுங்கள்.

சரி, அணைப்பது எப்படி? வெளியே கிளம்பும்போதும் படுக்கப் போகும்போதும் பத்தி எரியக் கூடாது, பாதிதான் எரிந்திருக்கிறது என்று மனசு கேட்காவிட்டாலும் நுனியைத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். கரி விஷயத்தில் கண்ணை நம்ப முடியாது. நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதேதான், மேலே வெள்ளையாகச் சாம்பல் படிந்து ஆறிப்போனது போலத் தெரியும், உள்ளே தணல் சிவந்திருக்கும். தூபக்காலிலேயே தண்ணீரை ஊற்றினால் சூட்டில் கலம் வெடிக்கலாம், எனவே பல மணி நேரம் ஆறவிட்டு, இடுக்கியால் எடுத்து, ஒரு உலோக வாளித் தண்ணீரில் முழுசாக முக்கி, கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருந்தால் மட்டும் குப்பையில் போடுங்கள்.