கொழும்பில் விசுவாசம் கரையும் இடங்கள்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

விசுவாசத்தின் எதிரியைத் தவறான திசையில் தேடுவதில்தான் கொழும்புக் கிறிஸ்தவர்கள் பலருடைய குழப்பம் தொடங்குகிறது. யூடியூப்பில் கேட்கும் அமெரிக்கப் பிரசங்கங்களில், கடவுளே இல்லை என்பவர்களோடு ஓயாத சண்டை நடக்கும். கொழும்பில் அப்படிச் சொல்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தைப் பின்பற்றும் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. காலையில் வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கி வேலைக்குப் போகிறவரிடம், உன் நம்பிக்கையை விடு என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு இந்துவையும் எதிர் மேசைப் பௌத்தரையும், கடவுளிடமிருந்து நம்மை இழுக்கும் ‘உலகம்’ என்று நினைத்து ஒதுங்குகிறவர், தன் வீட்டு ஹோலில் வந்து உட்கார்ந்துவிட்ட உலகத்தைக் காண்பதில்லை. வீசா, காணி, லீசிங் கட்டணம், பிள்ளையின் ரிசல்ட். கடந்த வாரம் ஜெபத்தில் கேட்டவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இந்த நான்கையும் வெட்டிய பிறகு தாளில் ஒன்றும் மிஞ்சவில்லையென்றால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

இதே தவறுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயங்களில் முஸ்லிம் தீவிரவாதக் குழுவொன்றின் குண்டுகள் வெடித்த பிறகு, பல வருடம் பழகிய முஸ்லிம் கடைக்காரரிடம் சாமான் வாங்குவதை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். அதைப் பக்தி என்று சொல்ல முடியாது. பகைவரை நேசியுங்கள் என்ற கட்டளை இருக்க, பகைவரே அல்லாதவரைப் பகைப்பதற்கு என்ன நியாயம்?

மிச்ச நேரத்தில் ஆராதனை

1966 தொடக்கம் 1971 வரை இந்த நாட்டில் வாராந்த விடுமுறை, பௌத்தர் நிலவின் கட்டங்களை வைத்து அனுட்டிக்கும் போயா நாட்களில்தான். ஞாயிறு வேலை நாள். அன்று ஆலயத்துக்குப் போக நினைத்தவர் திட்டம் போட்டுத்தான் போக வேண்டியிருந்தது. இப்போது ஞாயிறு விடுமுறை, ஆகவே திட்டம் போடுவதில்லை. அந்த இடத்தை ரியூஷன் பிடித்துக்கொள்கிறது. “சோதனை முடியட்டும், பிறகு போகலாம்” என்று பெற்றோர் சொல்வது சாதாரணதரத்துக்காகத் தரம் 10இல் தொடங்கும். உயர்தரம் முடிய நான்கு வருடமாகிவிடும். பதினான்கு வயதில் ஆலயத்தை விட்ட பிள்ளை பதினெட்டில் தானாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

செய்ய வேண்டியது சிக்கலான வேலை அல்ல, ஆனால் முறை முக்கியம். ரியூஷன் காசு கட்டுவதற்கு முன், கிழமையின் ஏழு நாளையும் ஒரு தாளில் கீறி ஆராதனை நேரத்தை முதலில் எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் கிளாஸ். அதே ஆசிரியருக்குக் கிழமை நாளில் இன்னொரு வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஞாயிறு காலைதான் என்று நின்றால், ஆலயத்தில் மாற்று நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். கத்தோலிக்கருக்குச் சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும். மற்றச் சபையினர் தமிழ் ஆராதனை ஒத்துவராவிட்டால் ஆங்கில, சிங்கள ஆராதனை நேரங்களையும் கேட்டுப் பார்க்கலாம். தமிழ் ஆராதனையைத் தவறவிட்டால் ஆராதனையே இல்லை என்று வீட்டில் இருந்துவிடுவது வெறும் சோம்பல்.

வைத்தியசாலை, ஹோட்டல், கோல் சென்டர் என்று ஷிப்ட்டில் வேலை செய்பவர்கள் ரோஸ்டர் வெளியான பிறகு கெஞ்சுகிறார்கள். அது தோற்கும் வழி. ரோஸ்டர் போடுவதற்கு முன்பே போய், வெசாக்குக்கும் ஏப்ரல் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் நான் நிற்கிறேன், பெரிய வெள்ளி முதல் உயிர்த்த ஞாயிறு வரை எனக்கு விடுங்கள் என்று பேசுங்கள். கேட்கும் மேலதிகாரிக்கும் லாபம், ஊருக்குப் போக நினைக்கும் சிங்கள, இந்து நண்பர்களுக்கும் லாபம். பெரிய வெள்ளி பொது விடுமுறை. பெரிய வியாழனும் சாம்பல் புதனும் அல்ல. அந்த இரண்டுக்கும் ஜனவரியிலேயே லீவு எழுதிக் கொடுங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் வருபவருக்கு இரண்டாம் வருடத்திலிருந்து 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் கசுவல் லீவும் உண்டு.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உபவாச ஜெபத்துக்குப் போவதற்காகப் பொய் மெடிக்கல் எடுத்துக் கொடுப்பவர்கள் உண்டு! பக்கத்து மேசைக்காரருக்கு அது தெரியும். அதன் பிறகு அவரிடம் எந்த வசனத்தைச் சொன்னாலும் ஏறாது.

ஒபிஸில் பூசை

வாணி விழா, ஆயுத பூசை வந்தால் கணக்குப் புத்தகத்துக்கும் கல்குலேட்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. அவல், கடலை, வாழைப்பழத்தோடு ஒரு தட்டு உங்கள் மேசைக்கும் வருகிறது. இங்கே இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். ஒருவர் சங்கடத்துக்காக முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு இரவில் மனம் குமைகிறார். மற்றவர் எல்லோருக்கும் முன்னால் தட்டைத் தள்ளி, சின்னப் பிரசங்கமும் வைக்கிறார்.

அப்போஸ்தலர் பவுல் இதற்கு நுணுக்கமான பதில் எழுதியிருக்கிறார். 1 கொரிந்தியர் 10இல், சந்தையில் விற்கும் இறைச்சியைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம். விருந்துக்கு அழைத்தவர் வீட்டிலும் அப்படியே. இது படைத்தது என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காக அதை விட்டுவிட வேண்டும். ஆக, ஒபிஸ் பார்ட்டிப் பலகாரமும் பூசைத் தட்டும் ஒன்றல்ல. 2 இராஜாக்கள் 5இல், இஸ்ரவேலின் கடவுளை ஏற்றுக்கொண்ட சீரியப் படைத்தலைவன் நாகமானின் சிக்கல் இன்னும் கிட்ட வருகிறது: அரசன் தன் கைமேல் சாய்ந்து ரிம்மோன் கோவிலில் பணியும்போது தானும் குனிய வேண்டியிருக்கும் என்று அவன் சொல்ல, தீர்க்கதரிசி எலிசா “சமாதானத்தோடே போ” என்கிறார். உத்தியோகத்துக்காக உடன் நிற்பதும் வணங்குவதும் வேறு வேறு என்று இதை வைத்து வாதாடுபவர்கள் உண்டு, எல்லோரும் ஏற்பதில்லை. உங்கள் எல்லை எது என்பதை உங்கள் போதகரோடோ பாதரோடோ பேசித் தீர்மானியுங்கள். அன்று காலையில் தீர்மானிக்க வேண்டாம்.

தீர்மானித்ததைச் சொல்வதற்கும் முறை இருக்கிறது. இரண்டு நாள் முன்னதாக, ஒழுங்குபடுத்தும் அக்காவிடம் தனியே போய்: “அக்கா, பூசைக்கு நான் நிக்கமாட்டேன், குறை நினைக்காதேங்கோ. கதிரை அடுக்க, சாப்பாடு எடுத்துவர நான் வாறன்.” இரண்டே வரி. சொன்னபடி கதிரை அடுக்க நிற்கவும் வேண்டும். பாபிலோனுக்குச் சிறைபோன தானியேல் செய்ததும் இதுதான். கல்தேயரின் கல்வியைக் கற்றான், புதுப் பெயரையும் சுமந்தான். ராஜாவின் உணவு ஒன்றில் மட்டும் மறுத்தான். அதையும் அதிகாரியிடம் தயவாகக் கேட்டு, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று வழியும் சொன்னான். எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்பவரின் முக்கியமான மறுப்பை யாரும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஒபிஸ் வட்ஸ்அப் குழுவில் வசனப் படம் போடுவதை விட்டுவிடுங்கள். கேட்பவருக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிரு, அதையும் சாந்தத்தோடு சொல் என்பது 1 பேதுரு 3:15.

வேத வாசிப்பு

முழு வேதாகமத்தையும் ஒரு வருடத்தில் முடிக்கிறேன் என்று ஜனவரி முதலாம் திகதி தொடங்குவது நல்ல ஆசைதான். நாளுக்கு மூன்று, நான்கு அதிகாரம் வாசித்தால் ஜனவரி முடிவதற்குள் யாத்திராகமம் முடியும், அடுத்தது லேவியராகமம். அங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள், பிறகு குற்ற உணர்வில் எதையும் தொடுவதில்லை. மாற்கு 16 அதிகாரம்: நாளுக்கு ஒன்றாக 16 நாள். நூற்றைம்பது சங்கீதங்களை நாளுக்கு ஐந்தாக எடுத்தால் ஒரு மாதம். போனைத் தொடுவதற்கு முன், பதினைந்து நிமிடம். பஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது மனம் எதிலும் நிற்காது.

அழைப்பு என்றால் ஊழியம் மட்டுமா?

சபைக் கமிட்டி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கியம் என்று மாலையெல்லாம் ஆலயத்தில் கழித்துவிட்டு, பகல் எட்டு மணி நேர வேலையைச் சம்பளத்துக்கான தண்டனை போலச் செய்பவர்கள் ஏராளம். எரேமியா 29:7 பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம் சொன்னது, இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு என்று. தனிநாயகம் அடிகள் கத்தோலிக்கக் குருவானவர். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ இதழைத் தொடங்கி, 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். தமிழாராய்ச்சியைத் தன் குருத்துவத்துக்கு வெளியே வைத்துப் பார்த்தவரல்ல. அந்த அளவு வேண்டாம். கணக்காளர் என்றால், போலி பில்லுக்குக் கையெழுத்துப் போடாமல் இருப்பதும், வரிப் படிவம் நிரப்பத் தெரியாத சின்னக் கடைக்காரருக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை இலவசமாக உதவுவதும் போதும். ஆசிரியர் என்றால், போயா நாளில் கொட்டாஞ்சேனையில் ‘தோட்டம்’ என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளின் ஐந்து பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கலாம். எந்த மதத்துப் பிள்ளை என்று கேட்காமல், முடிவில் துண்டுப்பிரசுரமும் கொடுக்காமல்.