எஸ்எஸ்எச் சாவி வைத்த பிறகும் பாஸ்வேர்ட் கேட்கிறதா?

வாடகைக்கு ஒரு உபுண்டு சர்வர் எடுத்து நாலு நாள் கழித்து லாகைத் திறந்து பார்த்தால், ரூட் என்ற பெயரில் யார் யாரோ பாஸ்வேர்டை ஊகித்துத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அன்றைக்கே, எஸ்எஸ்எச்சில் (தூரத்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) பாஸ்வேர்டை விட்டு, சாவி ஃபைலைக் காட்டி நுழைவதற்கு மாறினேன். டெர்மினலும் சூடோவும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. உங்கள் கணினியில், சர்வரில் இல்லை, சாவி உருவாக்கும் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையை ஓட்டுங்கள். வகை இடி25519. ஆர்எஸ்ஏ சாவியும் வேலை செய்யும், ஆனால் அந்த நீளத்தைக் கையால் ஒட்டும்போது ஓர் எழுத்து விட்டுப்போனால் போச்சு. பாஸ்ஃப்ரேஸ் (சாவிக்கே போடும் பூட்டு) கேட்கும்போது வெறுமனே என்டர் தட்டாதீர்கள், லேப்டாப் தொலைந்தால் அது ஒன்றுதான் காவல்.

2. எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி மூலம் பொதுச்சாவியை (சாவி ஜோடியில் சர்வரில் வைக்கும் பாதி, மற்ற பாதி உங்களிடமே இருக்கும்) சர்வருக்கு அனுப்புங்கள். விண்டோஸில் இந்தக் கட்டளை கிடையாது; .பப் என்று முடியும் ஃபைலில் உள்ளதை சர்வரின் ஆத்தரைஸ்டு_கீஸ் ஃபைலில் ஒரே வரியாக ஒட்டுங்கள். புட்டி (விண்டோஸில் பலர் எஸ்எஸ்எச்சுக்குப் பயன்படுத்தும் மென்பொருள்) எனக்குப் பிடிக்காது. அதன் சாவி வடிவமே வேறு, மாற்றி மாற்றி அலைய வேண்டும். விண்டோஸ் 10-இலேயே ஓப்பன்எஸ்எஸ்எச் இருக்கிறது.

3. இங்கேதான் எனக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. எல்லாம் சரி, ஆனாலும் பாஸ்வேர்ட் கேட்கிறது, ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவியை மூன்று முறை புதிதாகச் செய்தேன். கடைசியில் சர்வரின் ஆத்.லாகைப் பார்த்தால் ஃபோல்டர் அனுமதி சரியில்லை என்று அங்கே எழுதி வைத்திருக்கிறது. எப்போதோ ஒரு அப்லோட் சிக்கலுக்காக ஹோம் ஃபோல்டருக்கு 777 கொடுத்தது நான்தான். மற்றவர்களும் எழுதக்கூடிய ஹோமில் யார் வேண்டுமானாலும் தன் சாவியை நுழைத்துவிடலாம் இல்லையா, அதனால் சர்வர் அந்தச் சாவியையே நம்பாது. சிஎச்மோட் போட்டு அனுமதியை மாற்றுங்கள்: ஹோமுக்கு 755, .எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, ஆத்தரைஸ்டு_கீஸுக்கு 600. ரூட்டாக இருந்து உருவாக்கியிருந்தால் சிஎச்ஓன் போட்டு உரிமையாளரையும் மாற்றுங்கள்.

4. சாவியில் நுழைய முடிந்த பிறகே, சர்வரின் எஸ்எஸ்எச் அமைப்பு ஃபைலான எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்கில் பாஸ்வேர்ட்ஆத்தென்டிகேஷனை 'நோ' ஆக்கி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய ஜன்னலை மூடவே மூடாதீர்கள், புது ஜன்னலில் சோதித்துப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: 'நோ' போட்டும் பாஸ்வேர்ட் ஏற்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி ஃபோல்டரில் 50-கிளவுட்-இனிட் என்று ஒரு ஃபைல் இருக்கிறதா பாருங்கள். அதில் 'யெஸ்' இருந்தால் அதுதான் செல்லும், ஏனென்றால் முதலில் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்கிறது, அந்த ஃபோல்டரோ முன்னதாகவே படிக்கப்படுகிறது. அங்கேயும் மாற்றி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டு எஸ்எஸ்எச்டி-யைப் பெரிய எழுத்து -T சேர்த்து சூடோவில் ஓட்டினால், உண்மையில் எது அமலில் இருக்கிறது என்று காட்டிவிடும்.